ஆயிரத்து இருநூறு மீட்டர்

சேவூரில் சுபத்ராவிடம் யாரும் மணி கேட்க மாட்டார்கள். கேட்டால், எதற்குக் கேட்கிறாய் என்பாள். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் டவுன் பஸ் போய்விடும். நாற்பத்தாறு வயது அவளுக்கு. ஆரணியில் பட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் சேலைக்குத் தரம் பார்க்கும் வேலை. கொண்டுவந்து வைக்கிற சேலையிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்தி, அசல் பட்டுக்கு வருகிற முடி கருகும் நாற்றம் வருகிறதா என்று மோந்து பார்த்த பிறகுதான் உட்காரச் சொல்வாள். நாற்றம் வந்தாலும் இன்னொரு நூலை உருவுவாள்.

கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரையும் அவளே விசாரித்தாள். மூன்றாவது ஆள் ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் என்று சொன்னான். கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டாள். உண்மையிலேயே சூப்பர்வைசர்தான். போன் வந்த சேதி அவன் காதுக்குப் போனதும், கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டான். தம்பி எழிலரசன் குடும்பத்தோடுதான் இருக்கிறாள். அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை, ஏனென்றால் அவளுக்கு ட்ராக் இருந்தது.

ட்ராக் என்றால் சேவூருக்கு வெளியே இருக்கிற மண் ட்ராக். செங்கல் சூளைக்காரர்கள் மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டு போனபின் யாரும் சீண்டாமல் கிடந்த ஏழு ஏக்கர் களர் நிலம் அது. அவளுடைய தாத்தா வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கழனியில் கூலிக்கு நின்றவர். குடும்பத்துக்கென்று முதல் முதலாக மண் வாங்கியவர் அப்பா தென்னரசு, ஆரணியில் டூவீலர் மெக்கானிக். வாங்கிய மண்ணில் நெல் போட்டால் முளைக்கவில்லை, வேர்க்கடலை போட்டால் போட்டதுகூடத் திரும்பவில்லை. ஊரே சிரித்தது. ரிப்பேர் பார்த்த வண்டிகளை ஓட்டிப் பார்க்க அவர் அங்கே போக ஆரம்பித்தார். பின்னாலேயே வண்டிக்காரர்கள் வந்தார்கள். யார் வண்டி வேகம் என்று பேச்சு வந்தது. தொண்ணூற்று மூன்றாம் வருஷம் காணும் பொங்கலன்று பதினோரு வண்டிகளோடு முதல் ரேஸ் நடந்தது. பழைய டயர்களைப் பாதி புதைத்து, சுண்ணாம்பு அடித்து எல்லை கட்டினார் தென்னரசு. டேப் பிடித்து அளந்து, பம்புசெட் சுவரில் பெரிசாக எழுதினார்: ஒரு சுற்று, ஆயிரத்து இருநூறு மீட்டர்.

அன்றைக்கு முதலில் வந்தவன் கலசப்பாக்கத்துக்காரன். மாலை போடப் போகும்போது பதினாலு வயது சுபத்ரா குறுக்கே வந்து, இந்த ஆள் கிணத்து வளைவுப் பக்கமே போகவில்லை என்றாள். அதட்டினார்கள். அவள் அசையவில்லை. போய்ப் பார்த்தால், சீமைக்கருவேலம் புதருக்குப் பின்னால் குறுக்கே புகுந்து வந்த வண்டித்தடம் பளிச்சென்று கிடந்தது. அப்பா தன் கழுத்திலிருந்த ஸ்டாப்வாட்சைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார். அவர் செத்த பிறகு மெக்கானிக் கடையும் ரேஸ் மைக்கும் தம்பிக்குப் போயின. வாட்ச் மட்டும் அவளிடமே நின்றது.

முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் சந்தேகப்படாத ஆள் கிடையாது. வயசு சொன்னால் ஆதார் கேட்பாள். பெட்ரோலை விரலில் தொட்டு மோந்து பார்ப்பாள். ஹெல்மெட்டுக்குள் இருப்பது பேர் கொடுத்தவன்தானா என்று கண்ணாடியைத் தூக்கிப் பார்ப்பாள். எரிச்சல்தான் எல்லோருக்கும். ஆனால் அவள் கையெழுத்துப் போட்ட டைம் சீட்டை எடுத்துக்கொண்டு போனால், சென்னையில் ரேஸ் டீம்காரர்கள் மறுபேச்சுப் பேசாமல் ட்ரயலுக்கு எடுத்துக்கொள்வார்கள். சேவூர் அக்கா டைம் என்றால் அது டைம். அவளுடைய ஒரே சொத்து அந்தப் பேர்தான், அதில் அவளுக்கு அசாத்தியக் கர்வமும் இருந்தது.

ஒருமுறை வளைவில் விழுந்து தேசூர்ப் பையன் ஒருவனுக்குக் கால் முறிந்தது. வளைவின் சரிவு தப்பாக இருக்கிறது என்று சொல்லி ட்ராக் கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினாள். இரண்டு வருஷம் திறக்கவில்லை. எழிலரசன் கெஞ்சினான், சண்டை போட்டான், பேசாமல் இருந்தான். சரிவைச் சரி பண்ணி, அவள் மூன்று தரம் சோதித்த பிறகே சங்கிலி கழன்றது. அந்த இரண்டு வருஷத்தைத் தம்பி மறக்கவில்லை.

இப்போது நடந்ததற்கு வருவோம். போன வருஷத்திலிருந்தே டைம் குறைந்துகொண்டு வந்தது. அறுபத்தொன்று புள்ளி இரண்டு வினாடி என்கிற பழைய ரெகார்டை ஏழெட்டு வருஷமாக யாரும் தொடவில்லை. திடீரென்று ஆளாளுக்குத் தொட்டார்கள். புது டயர், புது வண்டி, நல்ல பசங்க என்று தம்பி மைக்கில் முழங்கினான். சுபத்ரா வாட்சைக் கடிகாரக் கடையில் கொடுத்துச் சோதித்தாள், அது சரியாகவே ஓடியது. ஊரே ஒரே சமயத்தில் எப்படிக் கெட்டிக்காரனாகும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அஜித் ஐம்பத்தொன்பது புள்ளி ஆறில் வந்தான். அஜித்துக்கு இருபத்திரண்டு வயது. ஆரணியில் ரைஸ் மில்லில் லோடு ஏற்றுகிறவன், அதிகம் பேசாதவன். அடுத்த ஞாயிறு சென்னையில் ஒரு ரேஸ் டீமின் ட்ரயல். இந்த வருஷம் அந்த டீம் இந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒருவனைத்தான் கூப்பிடும், சீட்டு இருந்தால் அது அஜித்துதான். சுபத்ரா சீட்டை எழுதவில்லை. இன்ஜினைக் குடைந்து பெரிசு பண்ணியிருக்கிறான், பிரி என்று தம்பியிடம் சொன்னாள். எழிலரசன் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தான், பிறகு ஸ்பேனரை எடுத்தான். கோணிப்பை விரித்து, இருநூறு பேர் பார்க்க வண்டியைப் பிரித்துப் போட்டார்கள். அளவு சரியாக இருந்தது. பெட்ரோலும் சரியாக இருந்தது. அஜித் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், ஒரு வார்த்தை பேசவில்லை. தப்புப் பண்ணாதவன் எதற்கு வாயை மூடிக்கொண்டு நிற்கிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"எதுன்னு எனக்குத் தெரியல. ஆனா ஏதோ இருக்குது. சீட்டு கிடையாது" என்றாள்.

திங்கட்கிழமை சங்கத்தில் ஒரு சேலை நீளத்தில் ஒரு சாண் குறைந்தது. மறுபடி அளக்க டேப்பைப் போட்டவள், பாதியில் அப்படியே நின்றாள். வண்டியைப் பார்த்தாயிற்று, ஆளைப் பார்த்தாயிற்று, வாட்சைக்கூடக் கடையில் கொடுத்துப் பார்த்தாயிற்று. தரையை யார் அளந்தார்கள்? மூட்டுவலி வந்த இந்த மூன்று வருஷமாக அவள் ட்ராக்கைச் சுற்றி நடப்பதில்லை. தம்பி சுற்றிவந்து எல்லாம் சரி என்பான், சரி என்று விட்டுவிடுவாள். இந்த உலகத்தில் அவள் விசாரிக்காமல் நம்பிய ஒரே வாய் அது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும், முப்பது மீட்டர் டேப்பை ஒரு முனையில் ஆணி அடித்து நிறுத்தி, தனி ஆளாக அளந்தாள். ஆயிரத்து நூற்றெழுபது வந்தது. முப்பது மீட்டரைக் காணவில்லை.

உடனே அவளுக்குப் பக்கத்துக் கழனி காத்தவராயன் ஞாபகம்தான் வந்தது. சத்தம் தாங்கவில்லை என்று நாலு தரம் மனு கொடுத்த மனுஷன், கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தை விழுங்கியிருக்கிறான். ஆத்திரத்தோடு கிணத்து வளைவுக்குப் போனாள். டயர் வரிசைக்கு வெளியே, மண் தூர்ந்த பழைய குழிகள் தெரிந்தன. ஒரு குழி, ஒரு எட்டு தள்ளி இன்னொரு குழி, அதற்கும் வெளியே இன்னொன்று. யாரோ டயரை மாசாமாசம் ஒரு எட்டு உள்ளே நகர்த்தியிருக்கிறார்கள். எண்ணிக்கொண்டே புதரை விலக்கி நடந்தாள். பதினெட்டு எண்ணினாள். பத்தொன்பதாவது குழி பாதிதான் இருந்தது. மீதிப் பாதி இருக்க வேண்டிய இடத்தில் தரையே இல்லை. மழையில் கரை சரிந்து, கைப்பிடிச் சுவரும் உள்ளே விழுந்து, காத்தவராயனின் பாழுங்கிணறு அங்கே வாயைத் திறந்துகொண்டிருந்தது. அப்பா டயர் நட்ட இடம் அந்தரத்தில் இருந்தது. அவள் பயந்து இரண்டடி பின்னால் வந்தாள்.

மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த காத்தவராயன், அவள் கேட்கும் முன்பே சொன்னார். "உன் தம்பிதாம்மா நவுத்திகினு இருக்கிறான். ரெண்டு வருசத்துக்கு முன்ன ஆடி மாசம் அந்த அஜித்துப் பையன் வண்டி ஓரமா வந்து, முன் வீலு கிணத்துமேல நின்னுச்சு. நானும் உன் தம்பியும்தான் புடிச்சி இழுத்தோம். அக்காகிட்ட சொல்லாதன்னுட்டான். சொன்னா கிணத்துக்கு என்னத்தான் புடிப்பன்னு நானும் கம்முனு இருந்துட்டேன்."

அந்த நேரம் தான் எங்கே இருந்தோம் என்று அவளுக்குத் தெரியும். எதிர்ப்பக்கம் மேஜையில், வாட்சைப் பார்த்துக்கொண்டு. அந்தச் சுற்றில் அஜித் தாமதம் என்று திட்டியது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

கடைக்குப் போய்க் கேட்டபோது எழிலரசன் ஒன்றையும் மறுக்கவில்லை. "சொன்னா நீ இன்னா பண்ணுவ? சங்கிலி போட்டுடுவ. அதான் உன் கண்ணுக்குத் தெரியாம ஒவ்வொரு எட்டா நவுத்துனேன். நானும் காத்தவராயங்கிட்ட கிணத்த மூடுன்னு கேட்டுகினேதான் இருக்கிறேன்."

"அந்தப் பையன் இன்ஜின பிரிக்கச் சொன்னேனே, அப்ப?"

"பிரிச்சேன்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் கத்தவில்லை. அடுத்த ரேசுக்குள் கிணற்றைச் சுற்றி வேலி வர வேண்டும் என்றாள். ட்ராக் இனிமேல் இப்போது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றாள். பம்புசெட் சுவரில் அப்பா எழுதியதைத் தானே அழித்து, ஆயிரத்து நூற்றெழுபது என்று எழுதினாள். இரண்டு வருஷமாகத் தான் கையெழுத்துப் போட்ட அத்தனை சீட்டும் பொய் என்பது அதை எழுதும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரைஸ் மில்லுக்குப் போனாள். அஜித் தலையில் கட்டிய துண்டோடு வந்தான். தவிடு அப்பிய முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினாள், கண்டுபிடிக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

"தெரியும்க்கா. ஓட்டறவனுக்குத் தெரியாதா?"

"அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமேடா."

"உங்ககிட்ட ஒண்ணு சொன்னா, சொன்னவனத்தான் மொதல்ல பிரிச்சிப் பாப்பீங்க" என்றான். குத்திப் பேசவில்லை. மில்லில் எத்தனை மூட்டை என்று சொல்கிற குரலில் சொன்னான்.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. தம்பி மறைத்தான், காத்தவராயன் மறைத்தார், இவன் மறைத்தான். எல்லோரும் ஏதோ மறைக்கிறார்கள் என்று இத்தனை நாள் சந்தேகப்பட்டது சரிதான். எல்லோரும் மறைத்தது ஒரே விஷயத்தை, அவளிடமிருந்து, அவளுக்குப் பயந்து.

எழுதி வைத்திருந்த சீட்டை நீட்டினாள். சுற்று ஆயிரத்து நூற்றெழுபது மீட்டர், நேரம் ஐம்பத்தொன்பது புள்ளி ஆறு, வண்டியில் குறை இல்லை, குறை சொன்னது என் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவன் இரண்டு தரம் படித்தான்.

"ஆயிரத்து நூத்தியெழுவதுன்னு யாரு அளந்தது?"

"நாந்தான்."

"தனியாவா?"

"தனியாதான்."

சீட்டை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டான். "நானும் ஒரு வாட்டி அளந்து பாத்துக்கறேன்க்கா. அங்க போயி நான் பதில் சொல்லணும் இல்ல."

சுபத்ராவின் முகம் சுட்டது. முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் போட்ட கையெழுத்தை ஒருவன் நம்பாமல் நிற்பது இதுதான் முதல் தடவை. என்னையா நம்பவில்லை என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை, கேட்க அவளுக்கு வழியில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே இரண்டு பேரும் ட்ராக்குக்குப் போனார்கள். வலிக்கிற முட்டியை மடக்கி உட்கார்ந்து, டேப்பின் முனையைக் கோட்டின் மேல் வைத்து விரலால் அழுத்தினாள். அஜித் மறுமுனையை இழுத்துக்கொண்டு நடந்தான். ஒவ்வொரு முப்பது மீட்டருக்கும் தரையில் கோடு கிழித்துவிட்டு, திரும்ப நடந்து வந்து, குனிந்து, அவள் விரல் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனான்.