மீன்மடுவில் கூசாத கால்

முதலில் எறும்புதான். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது இடது பாதத்தின் அடியில் ஒரு வரிசை எறும்பு ஊர்வது போல இருக்கும். குனிந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. அதே காலின் கெண்டைச் சதையில் ஒரு தேமல், வியர்க்காத வெளிறிய திட்டு. மன்னார்புரத்தில் எங்கள் தெரு டாக்டர் சத்துக் குறைவு என்று ஊசி போட்டார். எறும்பு போகவில்லை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பி.எஸ்ஸி. வேதியியல். மருந்துக் குணமுள்ள ஊற்றுகளைப் பற்றிக் கல்லூரி நூலகத்தில் அகப்பட்டதையெல்லாம் படித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். துறையூர்ப் பக்கத்துத் தோழி ஒருத்தி மீன்மடு என்ற ஊற்றைப் பற்றிச் சொன்னாள். அடுத்த சனிக்கிழமையே அம்மாவை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

மலையடிவாரத்தில் ஒரு பாறைக்குழி. ஊற்று சுரக்கும் இடமெல்லாம் துருச் சிவப்பு. தண்ணீரை வாயில் வைத்தால் ஆணியை நக்கியது போலிருந்தது. சுற்றிலும் கற்களில் பத்துப் பதினைந்து பேர் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் காலை விட்டதும் கறுப்பாகச் சின்னச் சின்ன மீன்கள் கூட்டமாக வந்து பாதத்தைக் கொத்தின. கத்திவிட்டேன்.

இடத்தைப் பார்த்துக்கொள்ளும் செல்லாயி அம்மாள் சிரித்தார். “காலேஜ் பொண்ணா? மீனுக்கு இங்கிலீஷ்ல சொல்லு, கடிக்காது.”

பிறகு அந்த இடத்தின் வழக்கத்தைச் சொன்னார். நோய் இருக்கும்வரை மீன் கொத்துவது கூசும். கூச்சம் நின்றால் நோய் போய்விட்டது. அன்று எல்லோருக்கும் கேட்கும்படி “கூசலை” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும்.

எதிர்க் கல்லில் ஒருவர் வானத்தைப் பார்த்துப் புன்னகைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில்தான் மீன்கள் அதிகம். அங்கே மட்டும் தண்ணீர் இன்னும் சிவப்பாக இருந்தது.

“அவருக்கு?” என்று மெல்லக் கேட்டேன்.

“அவருக்குப் போன வருஷமே கூசலை. பழக்கம் விடல, வாய்விட்டுச் சொல்லாமலே வந்துக்கிட்டு இருக்காரு.”

அம்மா என் கையைப் பிடித்தார். “எனக்கு இந்த இடம் பிடிக்கலடி. வா, போயிடலாம்.”

நான் கேட்கவில்லை. ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துவந்து கல்லூரி ஆய்வகத்தில் சோதித்தேன். இரும்பு இருந்தது, சல்பேட் இருந்தது. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. சனிக்கிழமை தவறாமல் போனேன். ஒவ்வொரு வாரமும் எவ்வளவு கூசியது என்று நோட்டில் குறித்தேன். முதல் வாரம் தாங்க முடியவில்லை. நான்காம் வாரம் விரல்களில் மட்டும். எட்டாம் வாரம், காலைச் சுற்றி மீன்கள் மொய்ப்பது கண்ணுக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை.

“கூசலை!” என்றேன். எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். எதிர்க் கல்காரர் தெரிந்தவரைப் பார்ப்பது போலத் தலையசைத்தார்.

அன்று மாலை வீட்டு வாசலில் அப்பா நின்றிருந்தார். ரயில்வேயில் ஃபிட்டர்; எதையும் அடியிலிருந்து மேலாகப் பார்க்கிறவர்.

“பாப்பா, ஒரு கால் செருப்பு எங்க?”

குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்காலாக இருந்தது. எங்கே கழன்றது என்று தெரியாது. குதிகாலில் ஒரு கண்ணாடிச் சில்லு, ரத்தத்தோடு. நான் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்திருந்தேன்.

திங்கட்கிழமை அப்பா தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் கணுக்காலின் உள்பக்கம் அழுத்திப் பார்த்தார். அங்கே நரம்பு கயிறு போலத் தடித்திருந்தது.

“கண்ணை மூடிக்கம்மா. பஞ்சால தொடுவேன். தொட்ட இடத்தை விரலால காட்டு.”

மூடிக்கொண்டேன். மின்விசிறி சத்தம் மட்டும். காத்திருந்து அலுத்துப்போய்க் கேட்டேன்: “இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?”

“முடிச்சுட்டேன்மா.”

தொழுநோய் (தோலையும் நரம்பையும் தாக்கும் ஒரு கிருமி நோய்) என்றார். கூச்சம் நின்றது குணமாகி அல்ல, நரம்பு செத்துக்கொண்டிருந்தது. கூசிய வாரங்களில் வந்திருந்தால் பாதத்தை முழுசாகக் காப்பாற்றியிருக்கலாம். “இப்பவும் ரொம்ப லேட் இல்ல. கொஞ்சம் திரும்பி வரும். எவ்வளவுன்னு சொல்ல முடியாது.”

அப்பா கேட்டார்: “தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வைக்கணுங்களா?”

“மருந்து ஆரம்பிச்சாச்சுன்னா பயமே வேண்டாம். ஒரே தட்டுல சாப்பிடுங்க.”

வெளியே ஓட்டலில் அப்பா என் தட்டிலிருந்து ஒரு துண்டு தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். அதற்கு முன் ஒருநாளும் அப்படிச் செய்தவரில்லை.

தினம் ஒரு வெள்ளை மாத்திரை. மாதம் ஒருமுறை ஒரு கேப்ஸ்யூல். அன்று சிறுநீர் மீன்மடுத் தண்ணீரின் நிறத்தில் போகும். நரம்பழற்சிக்கு (நரம்பு வீங்கி நசுங்குவதற்கு) வேறு மாத்திரை. அதில் முகம் உப்பி, கண்ணாடியில் வேறு யாரோ தெரிந்தாள். இடையில் ஒருநாள் மீன்மடுவுக்குப் போய், டாக்டர் சொன்னதைச் செல்லாயி அம்மாளிடம் சொன்னேன். “கூசலைன்னு சொன்னவ திரும்பி வரக் கூடாதும்மா” என்றார். எதிர்க் கல் காலியாக இருந்தது. அவர் எங்கே என்று கேட்டேன். செல்லாயி அம்மாள் அந்தக் கல்லில் தண்ணீர் ஊற்றிக் கழுவத் தொடங்கினார்.

ஐந்தாம் மாதம் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். கால் காய்ந்த சிமெண்டுத் தரையில் இருந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு மீன் கொத்தியது. கத்திவிட்டேன். அன்று மாலை டாக்டர் அந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டார், காலணா அகலம். நரம்பு உயிர்க்கிறது என்றார். அதன்பின் ஒவ்வொரு மீனாக வந்தது. வட்டம் பெரிதானது.

இதைப் படிக்கிறவருக்கு இப்படி ஒரு தேமல் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது பஞ்சால் தொடச் சொல்லுங்கள். கூசினால் சந்தோஷப்படுங்கள், இன்னும் நேரம் இருக்கிறது; ஆனாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கூசாவிட்டால் அன்றே டாக்டரிடம் போங்கள்.

இப்போது தினமும் மாலை ஆறு மணிக்கு எனக்கு ஒரு வேலை இருக்கிறது. கைக்கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் பிடித்து, முள் உண்டா, கொப்புளம் உண்டா என்று பார்க்கிறேன். குதிகால் மட்டும் இன்னும் திரும்பவில்லை. அது அந்தச் சிவப்புத் தண்ணீரிலேயே தங்கிவிட்டதாகத் தோன்றுகிறது. அங்கே அதை மீன்கள் கொத்திக்கொண்டிருக்கும். இங்கே எனக்குத் தெரியாது, அதனால்தான் பார்க்கிறேன்.