மனப்பாடம் செய்த பக்கம்

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. முன்னுக்கு நடந்ததைப் பின்னுக்குப் போட்டுவிடுவேன். சிலது மறந்தும் போயிற்று. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் நாங்கள் பலெர்மோவில், பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தோம். கணவருக்கு ஒரு வீட்டில் சமையல் வேலை. எனக்கு வியா மக்வேதா என்ற தெருவில் ஒரு வயதான சிஞ்ஞோராவின் வீட்டில் துடைக்கிறதும் இஸ்திரிப் பெட்டியால் உடுப்பு மினுக்குகிறதும். சிஞ்ஞோரா என்றால் அங்கே அம்மா என்கிற மாதிரி மரியாதைச் சொல். எங்கள் ஒரே மகளுக்குக் குழந்தையில் வந்த காய்ச்சலோடு இடது காது போய்விட்டது. வலது காது பாதிதான் கேட்கும். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, அவளுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கத் தனியாக ஒரு ரீச்சரைப் போட்டார்கள். இவளைப் போலக் காது கேளாத இன்னும் இரண்டு பிள்ளைகளையும் அவர்தான் பார்த்தார். சம்பளம் அரசாங்கத்தினுடையது. அவர் வாயை அகலத் திறந்து ஆறுதலாக, மெல்ல மெல்லக் கதைப்பார். அந்த வாயைப் பார்த்துப் பார்த்துத்தான் மகள் இத்தாலியனில் முதல் சொல்லைச் சொன்னாள்.

அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, ரோமில் காசைக் குறைத்துவிட்டார்கள், இப்படியான ரீச்சர்மாரை வேலையிலிருந்து எடுக்கப்போகிறார்கள் என்று கதை வந்தது. தாய்மார் சேர்ந்து கையெழுத்து வைத்துக் கடிதம் கொடுத்தோம். அதற்குப் பதிலாக, பிள்ளைகளைப் பார்த்து முடிவு சொல்லக் கல்விக் கந்தோர் என்கிற அலுவலகத்திலிருந்து ஒருவர் வருவார் என்றார்கள்.

ரீச்சர் என்னைக் கூப்பிட்டார். "சிஞ்ஞோரா, பிள்ளை இருக்கிறபடி இருக்கட்டும். வீட்டிலை ஒண்டும் சொல்லிக்குடுக்க வேண்டாம்" என்றார். நான் தலையாட்டினேன்.

ஆனால் ஊரில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் ஒரு கிழமைக்கு முன்னரே எங்களைப் பக்கம் பக்கமாகப் பாடமாக்க வைப்பார்கள். பிள்ளைகள் நன்றாகச் சொன்னால்தான் ரீச்சருக்கு நல்ல பெயர். எங்கள் ரீச்சர் அடக்கத்தில் அப்படிச் சொல்கிறார், மகள் முழுசிக்கொண்டு நின்றால் இவரைத்தானே பிடிப்பார்கள் என்று நினைத்தேன்.

மகளின் வாசிப்புப் புத்தகத்தை வேலைக்குக் கொண்டுபோனேன். நான் மினுக்க மினுக்க, சிஞ்ஞோரா ஒரு பக்கத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தார். "உனக்கென்ன, இந்த வயதிலை சோதினையோ?" என்று சிரித்தார். நான் அதை வாயிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, மகளின் வலது காதுக்குள் சொன்னேன். அவளுக்கும் பொருள் தெரியாது, எனக்கும் தெரியாது. பத்து நாளில் ஒரு சொல் பிசகாமல் சொன்னாள்.

கந்தோரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தவர் மெலிந்த, மரியாதையான மனிதர். மகளுக்குப் புதுச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலை பின்னியிருந்தேன். அவர் புத்தகத்தை எடுத்தார். அடிக்கடி விரித்த புத்தகம், அந்தப் பக்கத்திலேயே தானாக விரிந்தது. "இதை வாசி" என்றார். அவருக்குப் பின்னால் நின்று நான் உதட்டை அசைத்தேன். மகள் கடகடவென்று சொல்லி முடித்தாள்.

"பிராவா, கெட்டிக்காரி" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, "வீட்டிலை நீங்கள் கதைக்கிறது இவளுக்கு விளங்குதோ?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா, எல்லாம் விளங்கும். ஒரு கரைச்சலும் இல்லை" என்றேன்.

ரீச்சர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். சந்தோஷத்தில் அழுத்துகிறார் என்று நினைத்தேன். வந்தவர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்தும் வைத்தேன்.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. என் மகளுக்கு இனித் தனி ரீச்சர் தேவையில்லையாம். மீதி இரண்டு பிள்ளைகளுக்காக மட்டும் ஒருவரை வைத்திருக்க முடியாதாம். ரீச்சரை எடுத்துவிட்டார்கள்.

அந்த இருவரில் ஒருத்தியின் தாய் பல்லரோவில் வெங்காயம் விற்றாள். எனக்கு வெங்காயம் நிறுத்தபடியே, "உன்ரை மகளுக்குச் சுகமாப் போச்சாம். என்ரை சின்னவளுக்கும் அந்த மருந்தைச் சொல்லன்" என்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் தராசைக் கீழே வைத்தாள். "நாளைக்கு நாங்கள் கந்தோருக்குப் போறம். நீயும் வா. பாடமாக்கினது எண்டு மட்டும் சொல்லு. ஒரு வசனம்."

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "விசரே உனக்கு? அரசாங்கத்துக்குப் பொய் சொன்னதெண்டு நீயே போய்ச் சொல்லப்போறியோ? இருக்கிற பெர்மெசோவையும் பறிச்சு ஊருக்கு ஏத்தி அனுப்புவாங்கள்" என்றார். பெர்மெசோ என்றால் நாங்கள் இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதிக் காகிதம். அந்த வருடம் அதைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தோம்.

நான் போனேன். தாய்மாருக்குப் பின்னால், சுவரோடு நின்றேன். வெங்காயக்காரி என்னைக் கையால் காட்டி, "இவ சொல்லட்டும்" என்றாள். எல்லாரும் திரும்பினார்கள். அந்த ஒரு வசனத்தை வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன். என் வாய் திறக்கவில்லை. மேசையில் இருந்த அதிகாரி என் கையெழுத்தைக் காட்டி, தாயே எழுதித் தந்திருக்கிறா என்றார். அதோடு முடிந்தது.

பிறகு மகள் வகுப்பில் கடைசி வரிசை வாங்கில் இருந்தாள். வீட்டுக்கு வந்து, "அம்மா, அந்த ரீச்சர் எப்ப வருவா?" என்று கேட்பாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தையும் விட்டாள். இப்போது மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறாள். அந்தப் பக்கத்தை இன்றைக்கும் பிசகாமல் சொல்வாள்.

நான் வைத்த கையெழுத்து எதற்குக் கீழே என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் கந்தோருக்குப் போனது தவக்காலத்துக்கு முன்னரோ பின்னரோ என்பதும் நிச்சயமில்லை. அன்றைக்கு அங்கே நின்ற தாய்மாரில் யாராவது இதை வாசித்தால், பிழையானதைத் திருத்திவிடுங்கள். அந்தக் காகிதம் யாரிடமாவது இருந்தால், அதில் என்ன எழுதியிருந்தது என்று பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.