தட்டினால் சோறு

டீக்கடையில் நான் இருந்தேன். பாஷா பாய் இருந்தார். கண் மங்கிவிட்டது, டம்ளரைத் தடவித்தான் எடுக்கிறார். மாஸ்டர் இருந்தார். பெஞ்சுக்கு அடியில் ஒரு செவலை நாய் இருந்தது. அவ்வளவுதான்.

நேற்று மாலை. எண்ணூர் நெடுஞ்சாலையில் எப்போதும்போல டிரெய்லர்கள் நகராமல் நின்றன. ஒரு கிளீனர் இறங்கி, பின்னால் வரும் வண்டிக்குச் சைகையாகக் கன்டெய்னர் பெட்டியில் டம் டம் என்று தட்டினான். நாய் கத்திக்கொண்டு ஓடியது.

"நம்ம யார்டு நாய் இல்ல," என்றார் பாய். "நம்மளுதா இருந்தா வாலாட்டிகினு கிட்ட போயிருக்கும்."

உண்மைதான். அதைச் சொல்லிவிடுகிறேன்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் நானும் பாயும் வேலை பார்த்தோம். அவர் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டினார். நான் பெட்டிக் கதவைத் திறப்பேன், மூடுவேன். பெருமையாகச் சொல்லும்படியான வேலை இல்லை. வீட்டில் கதவைச் சாத்தச் சொன்னால் மட்டும், "ஆபீஸ் வேலய வூட்ல செய்யமாட்டேன்" என்பேன். யாரும் சிரித்ததில்லை.

காலிப் பெட்டியைத் திறந்தால், என்ன ஏற்றி வந்தது என்று மூக்கே சொல்லிவிடும். முந்திரி, ரப்பர், உரம். தோல் ஏற்றிய பெட்டி எங்களுக்குக் குமட்டும். நாய்களுக்கு அதுதான் பங்களா. வெயில் ஏறினால் உள்ளே போய் அந்த வாசத்தில் நீட்டிப் படுத்துவிடும்.

யாருக்கும் சொந்தமில்லாத நாய்கள் என்று பெயர். உண்மையில் மேரியக்காவின் நாய்கள். அவர் ராயபுரத்திலிருந்து வந்து காலிப் பெட்டிகளைப் பெருக்குவார். மதியம் எங்கள் எல்லார் டிபன் பாக்ஸிலும் மிஞ்சியதை ஒரு பேசினில் கொட்டி, காசிமேட்டு மீன்தலையைப் போட்டுப் பிசைவார். பிறகு துடைப்பக்கட்டையால் பெட்டியில் தட்டுவார். எங்கே படுத்திருந்தாலும் நாய்கள் வந்துவிடும். முதலில் வருவது ஒரு சாம்பல் நிறப் பெட்டை. பெயர் சிமெண்டி. அப்போது பழைய டயர்களுக்கு நடுவில் குட்டி போட்டிருந்தது.

மற்ற யார்டுகளில் பெட்டியை மூடுமுன் தட்டுவார்கள். உள்ளே நாய் இருந்தால் பயந்து வெளியே ஓடும். எங்கள் யார்டில் தட்டக்கூடாது. கடைசிவரை உள்ளே நடந்து பார்த்துவிட்டுத்தான் மூடவேண்டும். எழுதிப்போட்ட சட்டம் இல்லை, பழக்கம். அதனால் மணலி யார்டிலிருந்து கதவு வேலைக்குப் புதிதாக வந்த செல்வத்திடம் யாரும் சொல்லவில்லை.

பங்குனி வெயில். மதியம் மேரியக்கா தட்டினார். எல்லா நாயும் வந்தது, சிமெண்டி வரவில்லை. டயருக்குள் குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன.

"செல்வம், காலைல நீதானடா மூடினே?"

"தட்டிட்டுதான்க்கா மூடினேன். பின்னால போய் நல்லா தட்னேன். ஒண்ணும் வெளிய வரல."

"எப்டிடா வரும்? தட்னா சோறுடா இங்க. நீ தட்ன மூலைலயே போய் நின்னுகினு இருந்திருக்கும்."

செல்வம் முகம் செத்துப்போனது. காலையில் மூடிய பெட்டிகளெல்லாம் அடுக்கில் ஏறிவிட்டன. சாயங்காலக் கப்பலுக்கு அவற்றை ஏற்றிப்போக டிரெய்லர்கள் கேட்டில் நின்றன. காலியாகவே பிரான்சுக்குப் போகிற பெட்டிகள்.

லோடுமேன் ஒருவர் சிரித்தார். "அங்கல்லாம் நாய்க்கு மெத்த போட்டு வெச்சிருக்கானாம்க்கா. போயி நல்லா இருக்கட்டும்."

"பொணத்துக்கு எதுக்குடா மெத்த?" என்றார் மேரியக்கா.

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. பெட்டியின் இரும்பில் கை வைக்க முடியவில்லை. உள்ளே எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

மேரியக்கா ஒவ்வொரு அடுக்காகத் தட்டி, கீழ்ப்பெட்டியில் முந்தானையை மடித்துவைத்துக் காதைக் கொடுத்தார். "பாய், வண்டிய நிறுத்து. ஒரு எழவும் கேக்கல."

"நிறுத்தினா சூப்ரவைசரு என்னை நிறுத்திடுவான்."

சொல்லிக்கொண்டே நிறுத்தினார். யார்டு முழுக்க அமைதி. பகலில் நான் அதற்குமுன் அப்படிக் கேட்டதில்லை.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "கேட்ல அத்தனை வண்டி நிக்குது. ஒரு நாய்க்காகவா நிறுத்தினீங்க?"

"நாய்க்குத்தான் சார். நீ உள்ள மாட்டிகினாலும் இத்தையேதான் செய்வோம்," என்றார் பாய்.

மேரியக்கா கையை உயர்த்தினார். நாங்கள் மூச்சைப் பிடித்தோம். நடு அடுக்கில், கீழிருந்து இரண்டாவது பெட்டியில், மெதுவாக டப் டப் என்று ஒரு சத்தம். வால். சோறு வந்துவிட்டது என்று உள்ளே வாலாட்டிக்கொண்டிருந்தது.

மேலே இருந்த பெட்டிகளைப் பாய் ஒவ்வொன்றாக இறக்கினார். சூப்பர்வைசர் வேண்டாம் என்று கத்தினார். வண்டிச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று பாய் பிறகு சொன்னார். கதவை நான் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. சிமெண்டி தள்ளாடி வந்தது. தண்ணீர் வைத்தோம், மோந்துகூடப் பார்க்கவில்லை. டயருக்குள் போய்ப் படுத்தது. குட்டிகள் மேலே விழுந்தன. அப்புறம்தான் செல்வம் உட்கார்ந்து அழுதார்.

பாய்க்கு அந்த வாரம் வேலை இல்லை. மேரியக்கா தட்டுவதை விட்டுவிட்டார். நாய் படுத்திருக்கும் இடம் இடமாக, முட்டிவலியோடு நடந்து சோறு வைத்தார். செல்வம் பேசினைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார். எத்தனையோ நாள் அப்படியே நடந்தது. வேலை முடிந்து பார்த்தால் இருவரும் அடித்துப் போட்டதுபோல் கிடப்பார்கள்.

பிறகு யார்டு கைமாறியது. எங்களைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். மேரியக்கா புழலில் மகள் வீட்டில் இருக்கிறார், நடமாட்டம் இல்லை. செல்வம் எங்கே என்று தெரியாது.

நேற்று டீ குடித்துவிட்டு யார்டு வரை நடந்தேன். கேட்டில் யூனிபார்மில் ஓர் ஆள் இருந்தார்.

"உள்ள நாய் கீதா, நைனா?"

"நாயா? எல்லாத்தியும் புட்ச்சிகினு பூட்டாங்க பெர்சு. ரொம்ப நாளாச்சி."

"பொட்டிய மூடறதுக்கு மின்ன உள்ள பூந்து பாக்கறது யாரு?"

"ஆளுல்லாம் இல்ல. கேமரா கீது."

"எத்தினி?"

"நாப்பத்திரெண்டு."