வெறுமையாக வந்த தூக்குச்சட்டி

மாடியறைச் செல்வத்தின் குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்து, ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. தாய்க்குப் பால் ஊறவில்லை. என் மகன் குடித்தது போகப் பீய்ச்சி, தினமும் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்புகிறேன். செல்வம் டிராலி பஸ்ஸில் கொண்டுபோவார்.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதல்லவா? சிராங்கூன் ரோட்டில் இறங்கிக் கொஞ்சம் சீனி வாங்கி, அதில் போட்டுத்தான் தருவார்.

இன்று சீனி இல்லை. கழுவித் துடைத்திருந்தது.

"நாளைக்கு வேணாம்க்கா," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவளுக்கே பால் ஊறியிருக்கும்லா," என்கிறார் என் கணவர்.

பிள்ளைக்காக மாடியில் மாட்டிவைத்த தொட்டிலை யாரோ கழற்றும் சத்தம் கேட்கிறது.

என் கணவர் சொன்னது இதுவரை ஒன்றுகூடப் பலித்ததில்லை. இது மட்டும் பலிக்குமென்று யாராவது சொல்லுங்களேன்.