அந்தக் காலித் துளையைச் சும்மா விடுங்கள்

கேபிள் இழுத்துப் பிழைக்கும் தோழர்களே, நம் தொழிலில் ஒயர் சொன்னபடி வளையும். ஒயருக்குச் சொந்தக்காரர் வளையமாட்டார்.

ஆந்திராவில், திருப்பதி பக்கத்து வடமாலபேட்டையில், நம்மூர் பிளஸ் டூ போன்ற ஒரு ஜூனியர் காலேஜுக்கு நாற்பது கம்ப்யூட்டர் இணைத்தேன். நாற்பதும் ஆய்வாளர் முன்னால் ஒருசேர ஓடினால் நுழைவுத் தேர்வு மையம் அங்கேயே வரும். இல்லையென்றால், திருப்பதி மையங்கள் நிரம்பிவிட்டதால், பிள்ளைகள் சித்தூர் போகவேண்டும். அவ்வளவு தூரம் பெண்ணை அனுப்பமாட்டேன் என்று சொன்னவர்களில், காலேஜைப் பெருக்கும் பத்மாவின் கணவரும் ஒருவர்.

மூலை

கேபிள்களைச் சொருகத் துளைகள் உள்ள ஒரே சுவிட்ச் பெட்டி, அதிலிருந்து ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிக் கேபிள். பாடப்புத்தகம் இதை நட்சத்திர வடிவம் என்கிறது. இன்டர்நெட் ஒயர் நுழையும் வடகிழக்கு மூலையில் சுவிட்சைப் பொருத்தினேன். காலேஜ் கரஸ்பாண்டென்ட் ஒரு வாஸ்துக்காரரோடு வந்தார். ஈசானியத்தில் பாரம் ஆகாதாம், தென்மேற்குக்கு மாற்றவேண்டுமாம். இரண்டு கிலோகூடத் தேறாத பெட்டி என்று வாதாடினேன். வாஸ்துக்காரர் சொன்னார்: "பாரம் கிலோவுல இல்ல சார். நாப்பது மிஷினும் அத்த நம்பித்தானே கீது, அதான் பாரம்."

சங்கிலி

மூலை மாறியதில் கடைசி வரிசையின் பத்துக் கம்ப்யூட்டருக்குக் கேபிள் எட்டவில்லை. மறுநாள் நான் திருப்பதியிலிருந்து வருவதற்குள், எலக்ட்ரீஷியன் முனிரத்தினம் சின்னச் சின்ன சுவிட்சுகள் வாங்கி, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு என்று பத்துக் கம்ப்யூட்டரையும் சங்கிலியாகக் கோத்திருந்தார். முதல் சுவிட்சின் பிளக்கை எடுத்துக் காட்டினேன். பத்தும் இணைப்பிழந்தன. அவர் அசரவில்லை: "எடுத்தா போவத்தான் சார் செய்யும். நீ ஏன் எடுத்த?"

பத்துக்கும் புதுக் கேபிள் இழுத்தேன்.

வளையம்

ஆய்வு நாள். ஆய்வாளரின் லேப்டாப்புக்காக சுவிட்சிலிருந்து ஒரு கேபிளின் மறுமுனையைத் தொங்கவிட்டிருந்தேன். ஆய்வாளர் உட்கார்ந்தார், நாற்பது திரையும் உறைந்தன. அவர் கடிகாரத்தைப் பார்க்க, நான் மேசைகளுக்கு அடியில் தவழ்ந்தேன். கடைசியில் கண்டேன்: தொங்கிய முனை அதே சுவிட்சின் காலித் துளையில் அழகாகச் சொருகப்பட்டிருந்தது. போன தகவலே திரும்பி வந்து, சுற்றிச் சுற்றி எல்லாவற்றையும் அடைத்துவிட்டது. பிடுங்கினேன். நாற்பதும் உயிர்பெற்றன, ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார்.

அவர் போனதும், எவன் சொருகியது என்று கத்தினேன். பத்மா துடைப்பத்தோடு முன்னால் வந்தாள்: "நான்தான் சார். எம்பொண்ணு பரிச்ச எய்தற எடம். ஒயரு தொங்கிக்கினு இருந்தா அவுரு இன்னா நெனைப்பாரு?"

ஒரே மாதத்தில் நட்சத்திரம், சங்கிலி, வளையம் மூன்றையும் அந்த அறை பார்த்துவிட்டது. அவற்றில் ஒன்றை மட்டுமே நான் போட்டேன் என்பதைப் பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன்.