முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில் ஒரு தன்சல்

அம்மனை நம்பி வாழும் என் உறவுகளே, என் வலது கால் இரண்டு இடத்தில் உடைந்த நாளில் இருந்துதான் இதைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் மாத்தளையில் பலாபத்வல பக்கத்துத் தோட்டம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். ஒரு லீவு நாளில் அப்பாவுக்கு உதவியாக மிளகு பறிக்க ஏணி ஏறினேன். மழை ஈரம். வழுக்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் காலுக்குள் கம்பி வைத்தார்கள். நடக்கலாம், ஓடுவதை மறந்துவிடுங்கள் என்றார் டொக்டர். பாடசாலை ஓட்டப் போட்டிகளில் முதலாவதாக வந்தவன் நான். கட்டிலில் கிடந்தபடி அழுதேன். அழுதுகொண்டே நேர்ந்தேன்: "மாரியம்மா, இந்தக் காலத் திருப்பிக் குடு. கொழும்பு மரதன் ஓட்டத்த ஒனக்காக முழுசா ஓடி முடிக்கிறேன்."

கால் வந்தது. முதலில் ஊன்றுகோல், பிறகு நடை, பிறகு விடியற்காலையில் யாழ்ப்பாணம் போகிற றோட்டின் ஓரமாக மெல்ல ஓட்டம். மூன்றாம் வருஷம், போன ஐப்பசியில், நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மரதனுக்குப் பெயர் கொடுத்தேன்.

அங்கேதான் பிழை விட்டேன். தீமிதிக்கு இருப்பதுபோல விரதம் இருந்து ஓடினால்தான் நேர்த்தி செல்லும் என்று நானே முடிவெடுத்தேன். மஞ்சள் கட்டிக் கையில் காப்புப் போட்டுக்கொண்டேன். பத்து நாள் ஒரு நேரச் சாப்பாடு. காப்பு அவிழும்வரை வெளியார் கையால் எதுவும் வாங்குவதில்லை என்று வேறு ஒரு சட்டம். அப்பா கேட்டார்: "இருபத்தாறு மைல் ஓடப்போறவன் வெறும் வயித்தோட போறியே, படிச்சவன் பண்ற வேலயா இது?" அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

ஆனாலும் என்னோடு கொழும்புக்கு வந்தார். ஓட்டம் முடிகிற இடத்தில் நிற்பதாகச் சொன்னார். விடியலில் ஆயிரக்கணக்கான கால்களோடு ஓடத் தொடங்கியபோது எனக்குச் சிறகு முளைத்ததுபோல இருந்தது. வழிநெடுக மேசைகளில் தண்ணீரும் வாழைப்பழமும் நீட்டினார்கள். ஒன்றையும் தொடவில்லை. என் போத்தல் பாதி வழியிலேயே காலி.

முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில் இரண்டு தொடையும் கல்லாக இறுகின. கண் இருட்டியது. நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். பிந்தியவர்களை ஏற்றிக்கொண்டு வரும் பஸ் பக்கத்தில் வந்து நின்றது. ஏறச் சொன்னார்கள். ஏறினால் நேர்த்தி அவ்வளவுதான். தலையைக் குனிந்து சொன்னேன்: "அம்மா, என்னால முடியல. பாதியில விட்டுடாத."

நிமிர்ந்தால், ஒரு சிங்கள அக்கா. தன் வீட்டு கேற்றுக்கு வெளியே வாளியில் உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணி வைத்திருந்தார். ஒரு கப்பை நீட்டினார். நேர்த்தி இருக்கிறது, வாங்கக்கூடாது என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் என் காப்பைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"தம்பி, இதத் தன்சல்னு நெனச்சுக்குங்க. தன்சல்ல யாராச்சும் வேணாம்னு சொல்லுவாங்களா?" என்றார் சிங்களத்தில்.

புத்தர் பண்டிகையான வெசாக்குக்கு றோட்டோரத்தில் போகிற வருகிற எல்லோருக்கும் சும்மா சாப்பாடு கொடுக்கும் தன்சல்களில் சின்ன வயதில் இருந்து வரிசையில் நின்று சாப்பிட்டவன் நான். மாரியம்மாவிடம் கேட்டு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லையே. இரண்டு கையையும் நீட்டினேன். மூன்று கப் குடித்தேன். வாழைப்பழமும் தின்றேன். கண்ணீர் ஓடியது. "ஏன் அழுறீங்க, ரொம்பப் புளிக்குதா?" என்று சிரித்தார்.

பஸ்காரர்கள் கொஞ்சம் பொறுத்தார்கள். கால் இளகியது. எழுந்தேன். நடந்து, ஓடி, மறுபடி நடந்து, நேரம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் முடிவுக் கோட்டைத் தாண்டினேன். அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். நடந்ததைச் சொல்லி, விரதம் முறிந்துவிட்டதா என்று கேட்டேன். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அம்மன் தேருக்கு நாம தண்ணிப் பந்தல் போடுறது யாருக்குடா? காப்புக் கட்டுனவனுக்குத்தான் மொத கப் மோரு. இத்தன வருசமா நீ என்னத்தப் பாத்த?"

என் மெடலைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்ட அப்பா, மாத்தளை வரும்வரை அதைக் கழற்றவில்லை.

அந்த அக்காவின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இந்த வருஷத் தேரன்று அப்பாவோடு பந்தலில் நின்று மோர் ஊற்றினேன். முதல் கப்பை ஊற்றும்போது அந்த அக்காவை நினைத்துக்கொண்டேன். இப்போதும் ஓடுகிறேன், சாப்பிட்டுவிட்டு.

கஷ்டத்தில் இருக்கும் உறவுகளே, அம்மனிடம் கேளுங்கள். தருவாள். யார் கையால் தர வேண்டும் என்று மட்டும் நாம் சட்டம் போட வேண்டாம். நம் கையை நீட்டி வைத்திருப்போம்.