இறக்கச் சொன்ன விரல்

கிரேன்காரர் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர். ஆனால் கிரேனில் ஏறி உட்கார்ந்துவிட்டால் படித்த இன்ஜினியர்களும் அவரை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அந்தப் பெருமையை அவர் மறைத்ததில்லை. மறைப்பானேன், சொந்த உழைப்பில் வந்தது. "கீழ நிக்கிற என் கூட்டாளி ஒத்தை விரலை அசைச்சாப் போதும். அவன் மனசுல இருக்கறது எனக்குத் தெரிஞ்சிடும்" என்பார்.

அந்தக் கூட்டாளிக்குக் கைகாட்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது. சுமையை ஏற்று, இறக்கு, நிறுத்து என்று தரையிலிருந்து சைகை காட்டுவது அவன் வேலை. சாரத்துப் பலகை தலையில் விழுந்ததிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறான். கண் திறக்கிறது; பார்ப்பதாகத் தெரியவில்லை. "விரலை மடக்குங்க" என்று டாக்டரம்மா வாய் வலிக்கக் கேட்டாயிற்று. நினைவு இருப்பதற்கு அடையாளமே இல்லையென்றால், சிகிச்சையை நிறுத்துவதா என்று வீட்டார்தான் முடிவு சொல்ல வேண்டும். அவன் பைக்கை இனி யார் ஓட்டுவது என்று மைத்துனன் கட்டிலோரமே நின்று பேசினான். கிரேன்காரரும் தலையாட்டினார்.

கடைசியாக ஒரு தடவை சோதிக்க வந்த டாக்டரம்மா, "வேலையில இவர் கைக்கு என்ன பழக்கம்?" என்று கேட்டார்.

கைகாட்டியின் ஆள்காட்டி விரல் போர்வைமேல் கீழ்நோக்கிச் சுழன்றுகொண்டிருந்தது.

"இறக்குங்கிறான்" என்றார் கிரேன்காரர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

"இதைச் சும்மா துடிப்புன்னு விட்டுட்டோமே. பேச்சு புரியற இடத்துல அடி பட்டிருந்தா, நான் கேட்டது எட்டியிருக்காது. சரி, இறக்கினா என்ன செய்வாரு?"

"போதும்னா முஷ்டியை மூடுவான்."

டாக்டரம்மா பொத்தானை அழுத்தினார். கட்டிலின் தலைமாடு மெல்ல இறங்கியது. பாதியில் முஷ்டி மூடியது.

"ஒரு தடவைன்னா தற்செயலா இருக்கலாம்" என்று மறுபடி உயர்த்தினார். வேறு வேறு உயரத்திலிருந்து தொடங்கிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் விரல் சுழன்றது. அதே மட்டத்துக்கு வந்ததும் முஷ்டி மூடியது.

"உள்ள இருக்காரு" என்றார் டாக்டரம்மா.

கைகாட்டியின் மனைவி புருஷன் காலைக் கட்டிக்கொண்டு அழுதபடியே சிரித்தாள். "ரெண்டு பேரும் ஊமைப்படம் ஓட்டறீங்கன்னு கிண்டல் பண்ணுவேனே அண்ணே."

கிரேன்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் வாரத்திலேயே அந்த விரல் சுழன்றது. உயரத்திலிருந்தே பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பக்கத்தில் நின்றபோது அடையாளம் தெரியவில்லை. காய்ச்சல் நடுக்கம் என்று, வந்த நாளெல்லாம் அதைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்தது அவர்தான். சொல்லச் சொல்ல வாயைப் பொத்தியது போல. பைக் பேச்சும் அவன் காதருகேதான் நடந்தது.

விரல் மறுபடி சுழலத் தொடங்கியது. கட்டில் அவன் கேட்ட மட்டத்திலேயேதான் நின்றது. பின்னே, எதை இறக்கச் சொல்கிறான்?

கிரேன்காரர் கைகாட்டியின் மனைவியைப் பார்த்தார், டாக்டரம்மாவைப் பார்த்தார். இருவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியலம்மா" என்றார். வாழ்நாளில் முதல் தடவையாக.